கரையும்வரை

என் தங்கை வென்றெடுத்தவற்றை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். கைக்குழந்தையாக இருந்தபோது வந்த காய்ச்சலை வென்றாள். அதே காய்ச்சலில் எங்கள் இருவருக்கும் நடுவே பிறந்தவன் போய்விட்டான். சூம்பிப்போன இடது காலை வென்றாள். இந்தப் பெண் நடக்கவே நடக்காது என்று சொன்ன டாக்டரின் மாடிப்படியைப் பிற்காலத்தில் அவளே ஏறி இறங்கிக் கூட்டினாள். குடித்துவிட்டு வந்து பாத்திரத்தை வீசுகிற புருஷனைக் குடியிலிருந்து மீட்டாள். மனிதர் சாகும்போது புத்தி தெளிந்துதான் செத்தார். நொண்டிக்கு ஆஸ்பத்திரியில் என்ன வேலை என்று கேட்ட இடத்தில், யாரும் போக விரும்பாத காய்ச்சல் வார்டைக் கேட்டு வாங்கி, அங்கே நிரந்தர ஆயாவானாள். இவற்றில் கடைசியாகச் சொன்னதை மட்டும் அவளே விட்டுக்கொடுத்தாள். எதற்காக விட்டாள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த வார்டு நீளமான, தாழ்ந்த கூடம். இரண்டு பக்கமும் இரும்புக் கட்டில்கள். வெயில் உறைக்காமலிருக்கச் சன்னல் கண்ணாடிகளுக்குப் பச்சை பெயின்ட் அடித்திருந்தார்கள். அதனால் உள்ளே படுத்திருப்பவர்கள் எல்லோரும் ஏற்கெனவே செத்தவர்கள் போலத் தெரிவார்கள். தங்கை வருவது தூரத்திலேயே கேட்கும். கால் இழுபடும் ஓசை ஒன்று, வாளி தரையில் தட்டும் ஓசை ஒன்று. அதனால் அங்கே அவள் பெயர் வாளியக்கா. "வாளியக்கா வந்தாச்சு, சாகப் போறவங்க கொஞ்சம் தள்ளிப் போடுங்க, தரை ஈரமா இருக்கு" என்று நோயாளிகளே கிண்டல் செய்வார்கள். அவளும் விடமாட்டாள். "காயற வரைக்கும் பொறுத்துக்கங்க, வழுக்கி விழுந்து செத்தா என் தலையிலதான் விடியும்" என்பாள்.

அவள் வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். கூடத்தின் கோடியிலிருந்து வாசலை நோக்கித்தான் துடைப்பாள், ஒருநாளும் மாற்றித் துடைத்ததில்லை. ஒரு கட்டிலுக்குப் போட்ட துணி அடுத்த கட்டிலுக்குப் போகாது. வாந்தி எடுத்ததெல்லாம் மூடி போட்ட சிவப்பு வாளிக்குள் போக வேண்டும், அங்கிருந்து பின்கட்டில் குப்பை எரிக்கும் உலைக்குப் போக வேண்டும். அது வார்டின் சட்டம். அந்தச் சட்டத்தை அவளைவிடக் கண்டிப்பாகப் பிடித்து நடந்தவர் அங்கே கிடையாது. அவள் அதை மீறியது ஒரே ஒரு முறை.

அதைப் புரிந்துகொள்ள எங்கள் பக்கத்துச் சொல் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கத்தோலிக்கர்களான நாங்கள், பூசையில் குரு கொடுக்கும் அப்பமாகிய சற்பிரசாதத்தை 'நன்மை' என்போம். பூசை முடிந்து வருகிறவரிடம் "நன்மை வாங்கினியா?" என்றுதான் கேட்போம். குரு அப்பத்தைக் கையில் எடுத்து ஆண்டவரின் வார்த்தையைச் சொன்ன பிறகு அது அப்பம் இல்லை. பார்த்தால் அப்பம், நாக்கில் வைத்தால் அப்பம். ஆனால் இருப்பது ஆண்டவர். அடையாளத்துக்கு இருக்கிறார், நினைவுக்கு இருக்கிறார் என்றெல்லாம் இல்லை. மெய்யாகவே இருக்கிறார். அப்பத்தின் வடிவம் எதுவரை இருக்கிறதோ அதுவரை இருக்கிறார். அதனால் நன்மை தவறிக் கீழே விழுந்தால் குப்பையில் போட மாட்டோம், சாக்கடையில் விட மாட்டோம். சுத்தமான தண்ணீரில் இட்டு மூடி வைத்து, முழுக்கக் கரைந்த பிறகு, கால் படாத மண்ணில் ஊற்றுவோம். தங்கை சனிக்கிழமைகளில் கோயிலைக் கழுவி, பீடத் துணிகளைத் துவைத்துக் கொடுப்பவள். அந்தத் துணிகளை அலசிய முதல் தண்ணீரைக்கூட அப்படி மண்ணில்தான் ஊற்றுவாள்.

அன்று வார்டில் ஒரு பழைய பள்ளிக்கூட டீச்சர் சாகக் கிடந்தார். எங்கள் பங்குச் சாமியார் மதியத்துக்கு மேல் வந்து, நன்மையில் நகத்தளவு துண்டை ஒடித்து, "கிறிஸ்துவின் திருவுடல்" என்றார். டீச்சர் "ஆமென்" என்றார். தங்கை வாளியை வைத்துவிட்டு, கால் மடங்காததால் மண்டியிட முடியாமல் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் நின்றிருந்தாள். சாமியார் அடுத்த கட்டிடத்துக்குப் போன கொஞ்ச நேரத்தில் டீச்சர் வாந்தி எடுத்தார். வெறும் பித்தநீர். அதன் நடுவில் அந்தத் துண்டு வெள்ளையாக, ஓரம்கூட மழுங்காமல் கிடந்தது.

"என்ன பாத்துக்கிட்டே நிக்கறே, துடை" என்றார் பெரிய சிஸ்டர், அதாவது தலைமை நர்ஸ். தங்கை துடைத்தாள். ஆனால் அதற்கு முன்னால் அந்தத் துண்டைப் பஞ்சுத்துணியால் எடுத்துத் தண்ணீரில் இட்டாள். எதில் இட்டாள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கைக்கெட்டிய தூரத்தில் எச்சில் குவளை இருந்தது, வாந்தி பிடிக்கிற தட்டு இருந்தது. ஆண்டவரை அதிலா வைப்பது? தன்னுடைய எவர்சில்வர் டம்ளரை எடுத்தாள். அவள் மட்டும் டீ குடிக்கிற டம்ளர், முகம் தெரியத் தேய்த்து வைத்திருப்பாள். குடிதண்ணீரை நிறைய ஊற்றி, அதில் இட்டு, வெளுத்த துணியால் மூடி, சன்னல் திண்டில் வைத்தாள். கரைந்ததும் கட்டிடத்துக்குப் பின்னால் கொண்டுபோய் மண்ணில் ஊற்றிவிடலாம் என்று நினைத்தாள்.

அதற்குள் கோடிக் கட்டிலில் ஒருவர் இறந்துவிட்டார். பிணத்தைத் தள்ள ஸ்ட்ரெச்சர்காரருக்கு ஆள் வேண்டும். தங்கை போனாள். திரும்பி வந்தபோது டீச்சருக்கு அடுத்த கட்டிலில் இருந்த பழக்காரம்மா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். அந்தம்மாவுக்குக் காய்ச்சலில் குடல் புண்ணாகியிருந்தது. வாய்வழியாக ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்கள் மதம் இல்லை.

"நல்ல தண்ணியா வெச்சிருந்தே வாளியக்கா. வயிறு குளுந்துச்சு."

"முழுசும் குடிச்சிட்டீங்களா?"

"பின்ன, மிச்சம் வைக்க உன் வீட்டுச் சீதனமா? டம்ளரை வேணா எடுத்துக்க."

தங்கை டம்ளருக்குள் பார்த்தாள். ஒன்றும் இல்லை. நேராகப் பெரிய சிஸ்டரிடம் போய், நடந்ததைத் தானே சொன்னாள்.

பழக்காரம்மா அந்த வாரமே இறந்தார். குடலில் ஓட்டை விழுந்திருந்தது, தண்ணீர் குடிக்காவிட்டாலும் பிழைத்திருக்க மாட்டார் என்று டாக்டர்கள் சொன்னார்கள். அவருடைய மகன் நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். வராந்தாவில் எல்லோர் முன்னாலும் தங்கையை நிறுத்தினார்.

"எவளோ எடுத்த வாந்தியை எங்கம்மா குடிச்சிட்டுச் செத்தாங்க. உனக்குப் பெத்தவ இல்லையா?"

"நான் குடுக்கல தம்பி. ஆனா நான் வெச்சதைத்தான் குடிச்சாங்க."

"சாமர்த்தியமா பேசறே."

"இல்ல தம்பி. எச்சில் குவளையில போட்டிருந்தா தொட்டிருக்க மாட்டாங்க. நல்ல டம்ளர்ல வெச்சேன், அதான்." அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்தவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். "அண்ணே, அந்தம்மா குடிச்சப்ப கரைஞ்சிருந்துச்சா இல்லையா?" என்று கேட்டாள். கரைந்திருந்தால் அது வெறும் அழுக்குத் தண்ணீர், ஒரு நோயாளிக்கு அவள் செய்த கேடு. கரையாமல் இருந்திருந்தால், ஆண்டவர் யாரென்றே தெரியாத ஒருத்தி அவரைத் தண்ணீர் என்று நினைத்து விழுங்கியிருக்கிறாள். சாமியாரிடமும் கேட்டாள். அவர் "தெரியலைம்மா" என்றார். அந்தப் பதிலுக்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு.

விசாரணை வைத்தார்கள். ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் கெட்டவர் இல்லை. தங்கையின் வேலை அவருக்குத் தெரியும், அவளைக் காப்பாற்றத்தான் பார்த்தார். கிளார்க் வாக்குமூலத்தை எழுதி, படித்துக் காட்டினார்: நோயாளி வாந்தி எடுத்த உணவுத் துணுக்கை, விவரம் தெரியாமல், குடிநீர் டம்ளரில் போட்டுவிட்டேன்.

"உணவு இல்லைங்க" என்றாள் தங்கை.

"வேற என்ன?" என்றார் கிளார்க்.

"நன்மை."

"நன்மையா? யாருக்கு நன்மை? செத்த அம்மாவுக்கா, உனக்கா, இதை எழுதி எழுதிக் கை ஓஞ்ச எனக்கா?"

அவள் சிரிக்கவில்லை. பெரிய டாக்டர் பொறுமையாக விளக்கினார். "இதப் பாரும்மா. தெரியாம செஞ்சேன்னா எச்சரிக்கையோட போகும், சலவைக் கட்டுக்கு மாத்திடுவேன். அது என்னன்னு தெரிஞ்சு, சட்டமும் தெரிஞ்சு, வேணும்னே எடுத்து வெச்சேன்னா, உன்னை வெச்சுக்க எனக்கு வழியே இல்லை. அதோட, இனிமே உங்க சாமியாரை அந்த வார்டுக்குள்ள விட முடியுமான்னு மேல கேப்பாங்க. ஒரு வார்த்தைதானே, உணவுன்னு இருந்துட்டுப் போகட்டும்."

"வெச்ச இடம் தப்புங்க. விட்டுட்டுப் போனது தப்பு. அதுக்கு என்ன வேணா எழுதுங்க, ஒத்துக்கறேன். வெச்சது என்னன்னு மட்டும் மாத்தாதீங்க."

யோசித்து வா என்று அனுப்பிவிட்டார்கள்.

சாமியார் எங்கள் வீட்டுக்கு வந்தார். என் தையல் மிஷினுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

"பொய் சொல்லுங்கன்னு நான் சொல்லலைம்மா. ஆனா அந்த வார்டுல இன்னும் நம்ம ஆளுங்க கிடக்கறாங்க. டீச்சர் இன்னும் இருக்காங்க. கதவை அடைச்சிட்டாங்கன்னா அவங்க கடைசி நன்மை வாங்காமலே போவாங்க."

"சாமி, அது உணவுன்னு நான் கைநாட்டு வெச்சிட்டு, ஞாயித்துக்கிழமை உங்க முன்னாடி வந்து நின்னா, நீங்க என்ன குடுப்பீங்க?"

"எப்பவும் குடுக்கறதைத்தான்."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

சாமியார் எழுந்தார். "சொல்லுங்க. நான் தடுக்க மாட்டேன். ஆனா கதவு அடைபட்டா, அந்தப் பாரமும் உங்க மேலதான் இருக்கும். அது இல்லைன்னு ஆறுதல் சொல்ல எனக்கு வாய் வரலை" என்றார். தங்கை தலையை ஆட்டினாள். அன்று அவள் அழுததைப் பார்த்தேன். புருஷன் செத்தபோதுகூட அப்படி அழவில்லை.

பின்னால் என்ன நடந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வேலை போயிற்று. சாமியார் சொன்னபடியே வார்டு வாசலில் அவரை நிறுத்திவிட்டார்கள். டீச்சர் கடைசி நன்மை வாங்காமல்தான் இறந்தார். டீச்சரின் அக்கா கோயிலில் தங்கை உட்காரும் பெஞ்சில் உட்கார மாட்டார். "பெரிய புனிதை, இவ வாய்க்கொழுப்புக்கு ஊரே பட்டினி" என்று காதில் விழும்படியே பேசினார்கள். தங்கை வீடு வீடாகப் பாத்திரம் தேய்த்தாள். பழக்காரம்மாவுக்காகவும் டீச்சருக்காகவும் தினமும் பூசைக்குப் போனாள். தான் செய்தது சரி என்று அவள் சொல்லி நான் கேட்டதில்லை. அது நன்மை என்று மட்டும்தான் சொல்வாள்.

இனி வாக்குமூலம். அவள் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். எட்டாவதோடு நின்றவன் என்றாலும் என் எழுத்து அச்சுப்போல இருக்கும். தெரிந்தே எடுத்தேன், சட்டம் எனக்குத் தெரியும், டம்ளரில் இருந்தது உணவு இல்லை, அது நன்மை, அதை நோயாளிக்கு எட்டுகிற இடத்தில் விட்டுப்போனது என் குற்றம். இவ்வளவுதான். படித்துக் காட்டினேன். 'குற்றம்' என்ற சொல்லை நான் மெல்லப் படித்ததைக் கவனித்து, "அதையும் நல்லா பெரிசா எழுதுண்ணே" என்றாள்.

காலுக்குக் கட்டுப் போட்டு வீட்டிலேயே கிடந்ததால் அவள் பள்ளிக்கூடம் போனதில்லை. சம்பளத்துக்குக்கூடக் கைநாட்டுதான். இந்தக் காகிதத்துக்கு மட்டும் வேண்டாம் என்றாள்.

"விரலை வெச்சா, எவனோ படிச்சான், இவ தெரியாம வெச்சான்னு ஆயிடும்ணே. தெரிஞ்சு சொல்றேன்னு இருக்கணும். என் பேரைக் கத்துக் குடு."

கறுப்புத் துணித் துண்டில் தையல் சாக்பீஸால் அவள் பெயரை எழுதிக் கொடுத்தேன். அதன் மேலேயே எழுதிப் பழகினாள். "இவ்வளவு நீளமா? அப்பா கொஞ்சம் சுருக்கி வெச்சிருக்கக் கூடாதா?" என்றாள். "அவர் கூப்பிடத்தானே வெச்சார் பாப்பா, எழுதவா வெச்சார்" என்றேன். நடுவில் வருகிற ஒரு கொம்பு மட்டும் அவளுக்கு வளையவே இல்லை. விடாமல் எழுதி வளைத்தாள்.

கிளார்க் மை டப்பாவைத் திறந்து தயாராக வைத்திருந்தார். "சும்மா அமுக்குங்கக்கா, வேலை முடிஞ்சுது."

"பேனா குடுங்க தம்பி."

அவர் என்னைப் பார்த்தார். பேனாவைக் கொடுத்தார். தங்கை நாற்காலியில் உட்கார மறுத்துவிட்டாள். மேசை ஓரத்தை இடது கையால் பிடித்துக்கொண்டு, குனிந்து, ஒவ்வோர் எழுத்துக்கும் பேனாவைத் தூக்கி வைத்து எழுதினாள். பெரிய டாக்டர் உள்ளே வந்து, அவள் முடிக்கும்வரை வாசலிலேயே நின்றார். எழுத்துகள் கோட்டுக்கு மேலும் கீழுமாக இருந்தன. ஒன்றும் விட்டுப்போகவில்லை. பக்கத்தில் தேதி போட வேண்டும் என்றார்கள். அது அவளுக்குத் தெரியாது என்பதால் நான் போட்டேன். 1998 ஆகஸ்ட் 11, செவ்வாய்க்கிழமை.