கை மாறிய குட்டி

மலேசியாவில் இலையுதிர் காலம் கிடையாது என்று எங்கள் பாடப்புத்தகம் சொன்னது. ரந்தாவ் பக்கத்து ரப்பர் மரங்கள் அந்தப் புத்தகத்தைப் படிக்கவில்லை. வருடா வருடம் பிப்ரவரியில் சிவந்து, பழுத்து, மொத்தமாக உதிர்த்துவிட்டு நிற்கும். தோட்டம் முழுக்க வெளிச்சமாகிவிடும். மற்ற நாளில் ஒளிந்து திரியும் உயிரெல்லாம் அப்போது என் கண்ணில் மாட்டிக்கொள்ளும்.

அப்படி ஒரு காலையில், பிள்ளையில்லாத பெரியம்மா லுக்குட்டிலிருந்து வந்திருந்தார், பால்குடி மறக்காத என் தங்கையைக் கூட்டிப்போக. கொஞ்ச நாளைக்குத்தான் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். பஸ் நிறுத்தம்வரை மோட்டாரில் விடுகிறேன் என்றார் அப்பா. நடந்துதான் போவோம் என்று அம்மா பிடிவாதம் பிடித்தார். எனக்குக் கொண்டாட்டம்.

கணுக்கால் மூழ்கச் சருகு. தூக்கத்தில் நடப்பதுபோல் மெதுவாக நடந்தோம். கால்வாய்மேல் ஒரு மீன்கொத்தி நீலமாகப் பறந்து போனது. உடும்பு ஒன்று அவசரமே இல்லாமல் சடக்குப் பாதையைக் கடந்தது. எல்லாம் நான் வளர்த்தவைபோல் பெரியம்மாவுக்குக் காட்டிக்கொண்டே வந்தேன். அம்மா எதையும் பார்க்கவில்லை. இடுப்பிலிருந்த தங்கையையே பார்த்தபடி நடந்தார்.

மொட்டைக் கிளையொன்றில் கருங்குரங்குக் கூட்டம். ஒன்றின் மடியில் பளீரென்று ஆரஞ்சு நிறத்தில் குட்டி. பக்கத்திலிருந்த இன்னொன்று கையை நீட்டி அதை வாங்கி அணைத்துக்கொண்டது. பெற்ற குரங்கு அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது.

"ம்மா, குட்டிய குடுத்திடுச்சு! திருப்பி வாங்கிக்குமா?"

"பசிச்சா வாங்கிக்கும்லா," என்றார் அம்மா. தங்கையை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

பெரியம்மா நின்றுவிட்டார்.

"மனசு வரலன்னா இப்பவே சொல்லிடும்மா. நான் வெறுங்கையோட போயிடறேன். கோவிச்சிக்க மாட்டேன்."

"வேணாம்க்கா. பேசினது பேசினதுதான். நட."

பஸ் வந்துவிடுமே என்று அம்மா அவசரப்படுகிறார் என நினைத்தேன்.

நிறுத்தத்தில் தங்கை கை மாறினாள். பிறகு அந்த வீட்டுப் பிள்ளையாகவே வளர்ந்தாள். அன்றைக்கு நான் பஸ் மறையும்வரை சிரித்துக்கொண்டே கையாட்டினேன்.

திரும்பி வரும்போது அம்மாவின் சட்டை முன்பக்கம் நனைந்திருந்தது. வெயிலில் வியர்த்துவிட்டது போலும் என்று, பெரியவள்போல என் கைக்குட்டையை எடுத்து நீட்டினேன். அம்மா அதை வாங்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சட்டை நனைந்திருக்கக் கண்ணை எதற்குத் துடைக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.