ஆறு நாள் காமாலை

எட்வர்டுக்கு இருப்புக் கொள்ளவில்லை. திருவள்ளூர் வக்கீல் ஆபீஸில் நாற்காலி காலியாக இருந்தும் நின்றுகொண்டே இருந்தார். இரண்டு மணி ஷிப்டுக்குள் கும்மிடிப்பூண்டி போய்ச் சேர வேண்டும். இரும்புக் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாக ஒருநாள்கூட லேட்டாகப் போகாத மனிதர், அப்பீலுக்கு மட்டும் ஆறு நாள் லேட்டு.

வீட்டுச் சந்து யாருக்கு என்ற வழக்கில் சித்தப்பா மகன் பென்னி ஜெயித்துவிட்டான். அப்பீல் போட முப்பது நாள் என்று வக்கீல் சொன்னார். எட்வர்ட் கம்பெனி வழக்கப்படி ஞாயிறுகளையும் ஒரு பண்டிகை லீவையும் விட்டுவிட்டு எண்ணிவிட்டார்.

“அப்படி எழுதினா ஜட்ஜே சிரிப்பாரு” என்று வக்கீல் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவை நீட்டினார். “மஞ்சள் காமாலைன்னு போட்டிருக்கேன். கையெழுத்துப் போடுப்பா.”

தாமதமாக வரும் அவருடைய கட்சிக்காரர்கள் எல்லோருக்கும் அந்த ஒரே வியாதிதான்.

எட்வர்ட் பேனாவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

“காமாலைலாம் வேணாம் சார். அந்த ஆறு நாளும் டூட்டிக்குப் போனேன். பென்னி கோர்ட்ல சொல்லிடுவான்.”

“நீ வேலைக்குப் போனது அவனுக்கு எப்படித் தெரியும்?”

“பக்கத்து மெஷின் சார் அவன்.”

“பார்த்தேன்னு சொன்னாப் போதுமா? நிரூபிக்கணும்ல?”

எட்வர்ட் பேனாவை மேஜைமேல் வைத்தார்.

“ஆறு நாளும் அவன் டிபன் பாக்ஸ்லதான் சார் கருவாட்டுக் கொழம்பு துன்னுக்கினு இருந்தேன்.”