நாலாம் கியருக்கு மேலே

எங்கள் பழைய டீசல் பிக்கப்புக்கு நாலே கியர். எண்பதைத் தாண்டினால் எஞ்சின் போடும் இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. எங்கள் கடைக்கு மரக்கறி ஏற்றச் சனிக்கிழமைதோறும் ஜெர்மனியின் எசன் நகரிலிருந்து பிராங்பேர்ட் போவோம். அந்த இரைச்சலுக்குள் உட்கார்ந்து என் கணவரை ஆசைதீர ஏசிக்கொண்டே போவேன். வாய் அசைவது அவருக்குத் தெரியும், சொல் கேட்காது. போய்ச் சேருவதற்குள் எனக்குக் கோபமெல்லாம் தீர்ந்துவிடும். அதனால் வீட்டில் எங்களுக்குள் சண்டை குறைவு.

போன வசந்தத்தில் அவர் கியர்ப்பெட்டிக்குப் பின்னால், ஐந்தாம் கியர் மாதிரி வேலை செய்யும் ஓவர்டிரைவ் ஒன்றைப் பூட்டினார். அதற்கு இடம் வர, பின் சக்கரத்துக்குப் போகும் தண்டையே வெட்டிக் குறுக்கினார். அதே வேகத்துக்கு எஞ்சின் குறைவாகச் சுற்றும், டீசல் மிச்சம் என்று மூன்று கிழமை அதே கதைதான். சத்தம் குறையும் என்பதை மட்டும் சொல்லவில்லை.

பூட்டி முடித்த பிறகு வந்த முதல் சனிக்கிழமை, நெடுஞ்சாலையில் ஏறியதும் வழக்கம்போல் தொடங்கினேன். அவர் கியர்த்தடியில் இருந்த புதுப் பொத்தானை அமத்தினார். இரைச்சல் சட்டென்று அடங்கியது. என் குரல் மட்டும் வண்டி முழுக்கக் கேட்டது.

"இந்தத் தகரத்தை வித்துப்போட்டு ஒரு புது வான் வாங்க ஏலாதே இந்த மனிசனுக்கு!"

அவர் திரும்பிப் பார்த்தார்.

"இவ்வளவு காலமும் நீர் செபமாலை சொல்லுறீர் எண்டெல்லோ நினைச்சனான்."

பிறகு அவர் கையை நீட்டி ஓவர்டிரைவை நிறுத்தினார். பழைய இரைச்சல் திரும்பி வந்ததும், இனி நீர் சொல்லும் என்பதுபோல் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.