ஐந்து விநாடி வெங்காயம்

வெங்காயம் நறுக்க ஐந்து விநாடி போதும் என்று அந்த வீடியோவில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவளுக்கு யார் தோலுரித்துக் கொடுத்தார்கள் என்று நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. அந்தக் குட்டி ஃபுட் ப்ராசஸருக்கு ஆர்டர் போட்டுவிட்டு, இனிமேல் காலையில் அரை மணி நேரம் மிச்சம் என்று சந்தோஷமாகப் படுத்துத் தூங்கினேன்.

அந்த அரை மணி நேரத்தில்தான் என் வேலையே தொங்கிக்கொண்டிருந்தது. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை ஒட்டிய ஒரு கன்டெய்னர் யார்டில் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. உள்ளே வரும் லாரி, வெளியே போகும் லாரி, எல்லாவற்றின் விவரத்தையும் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்து நானாகத் தேடிக்கொண்ட வேலை அது. கம்பெனி வேன் எங்கள் காசிமேட்டு முனைக்கு ஆறே முக்காலுக்கு வரும். ஒரு நிமிஷம்கூட நிற்காது. அதை விட்டால் எண்ணூர் வரை ஷேர் ஆட்டோ, அப்புறம் கன்டெய்னர் லாரிகளின் வரிசைக்கு நடுவில் கிடைத்ததைப் பிடித்துப் போக வேண்டும். போய்ச் சேர மணி பத்தாகிவிடும். ஆறு மாதச் சோதனைக் காலத்துக்குள் மூன்று தடவை லேட்டானால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஒரு தடவை ஏற்கெனவே லேட்டாகியிருந்தது. அன்றைக்கு மீன்குழம்புக்கு அம்மியில் மசாலா அரைத்துக்கொண்டிருந்தேன்.

மெஷின் வந்தது. கையகலத்துக்கு ஒரு ஜார், இரண்டு கத்தி, மூன்று தட்டு, ஒரு மூடி, மூடிக்குள் ஒரு ரப்பர் வளையம், மேலேயிருந்து அமுக்க ஒரு கட்டை. மூடி 'டக்' என்று பூட்டினால்தான் ஓடும். அந்த 'டக்' வருவதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விடும். கச்சிதமானது என்று எழுதியிருந்ததன் அர்த்தம் அப்புறம்தான் புரிந்தது: இரண்டு வெங்காயத்துக்கு மேல் கொள்ளாது. எங்கள் குழம்புக்கு மூன்று முறை போட வேண்டும். கை ஒரு நொடி அதிகமாக அழுத்திவிட்டால் வெங்காயம் கூழாகிவிடும். எல்லாம் முடிந்ததும் ஒவ்வொரு துண்டாகக் கழுவ வேண்டும், கத்திக்கு அடியில் ஒட்டிய தேங்காயை ஊக்கால் நோண்ட வேண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். ஆனாலும் பொறுத்துக்கொண்டேன். பழகினால் கை ஓடிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பழகுவதற்குள் தடைக்காலம் வந்து சேர்ந்தது.

என் வீட்டுக்காரர் மீன்பிடி லாஞ்சில் இன்ஜினைப் பார்த்துக்கொள்பவர். சித்திரை பிறந்ததும் இரண்டு மாதம் எந்த லாஞ்சும் கடலுக்குப் போகக் கூடாது. படகைக் கரையேற்றிப் பெயின்ட் அடிப்பார்கள், இன்ஜினைக் கழற்றி ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பிவிடுவார்கள். இன்ஜின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனதும் இவருக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. வீட்டில் மோட்டார் வைத்தது என்று இருந்தவை ஃபேன், வாஷிங் மெஷின், என் ஃபுட் ப்ராசஸர். ஃபேனையும் வாஷிங் மெஷினையும் போன தடைக்காலத்திலேயே கழற்றிப் பார்த்துவிட்டார்.

முதல் நாள் பக்கத்தில் வந்து நின்றார். நான் ஜாரில் தேங்காயைப் போட்டதும் பதறிவிட்டார்.

"இன்னாமே நீ, எடுத்தவொடனே லோடு ஏத்துற? இன்ஜினு சூடாவ வேணாமா? ரெண்டு நிமிசம் சும்மா ஓடட்டும்."

"இது லாஞ்சு இல்லைங்க."

"எல்லாம் மோட்டாருதான்மே."

எனக்கு முன்னால் எழுந்து, காலி ஜாரை மாட்டி, 'கொர்ர்' என்று ஓடவிட்டு, காதை அருகில் வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பார். மெஷின் சூடாகி, தன்னால் நின்றுவிடும். அது ஆறித் திரும்பக் கிளம்பப் பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்தில் நான் கத்தியால் நறுக்கி முடித்துவிடுவேன். அப்படியானால் மெஷின் எதற்கு? கேட்டால், உனக்காகத்தானே பார்க்கிறேன் என்பார். உண்மையிலேயே எனக்காகத்தான் பார்த்தார். அதனால் திட்டவும் முடியவில்லை, எரிச்சலை விழுங்கவும் முடியவில்லை.

ஒரு வியாழக்கிழமை. பிள்ளைகள் இருவருக்கும் பரீட்சை. இட்லியை இறக்கி வைத்துவிட்டுச் சட்னி அரைத்தேன். மெஷின் என்றைக்கும் இல்லாதபடி சத்தமில்லாமல் ஓடியது. எனக்கே ஆச்சரியம். பெரியவள் ஒரு வாய் வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மா, சட்னில லாஞ்சு வாசன வருது."

நக்கிப் பார்த்தேன். சாட்சாத் கிரீஸ்.

அவர் பெருமையாகச் சொன்னார்: "ஷாப்ட்டு காஞ்சி போயி கீது, அதான் அந்தக் கத்து கத்திகினு இருந்துச்சி. நேத்து கழட்டி நல்லா கிரீஸ் வெச்சேன். இப்ப பாரு, இன்னா ஸ்மூத்தா ஓடுது!"

சட்னியைக் கொட்டி, பிள்ளைகளின் வாயைக் கொப்பளிக்க வைத்து, இட்லிக்குப் பொடி தேடி, நான் முனைக்கு ஓடிய போது வேன் போய் ஆறு நிமிஷம் ஆகியிருந்தது. பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தேன். என் சூப்பர்வைசர் நல்ல மனிதர்தான். நோட்டைத் திருப்பிக்கொண்டே சொன்னார்: "ரெண்டாவது வாட்டிம்மா. இன்னொரு வாட்டி ஆச்சுன்னா என் கையில ஒண்ணும் இல்ல."

கிரீஸால் வேலை போனால் அதை யாரிடம் போய்ச் சொல்வது? சாயங்காலம் வீட்டுக்கு வந்து கத்தினேன். அவர் மெஷினை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்ததைக் காட்டினார். அதற்கப்புறம் அந்த ஜாரில் எதை அரைத்தாலும் பெட்ரோல் பங்க் வாசனைதான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவருடன் லாஞ்சில் போகிறவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். இன்ஜின் ஒர்க்‌ஷாப்பிலிருந்து வர இன்னும் நாளாகும் என்று சொல்ல வந்தவர். டீ கொடுத்தேன். சமையல் மேடையில் இருந்த மெஷினைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா அண்ணி, அண்ணன் இருக்கச்சொல்லோ மிஷினு எதுக்கு? அலை தூக்கித் தூக்கிப் போடச்சொல்லோ, ஒரு கையால கம்பியப் பிடிச்சிகினு பத்து பேருக்கு வெங்காயம் அரிவாரு. அவரு வெக்கிற கானாங்கத்த மீன் கொழம்புக்குப் பக்கத்து லாஞ்சுக்காரன் கிண்ணத்த நீட்டிகினு நிப்பான்!"

நான் என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடலில் ஏதோ கஞ்சி காய்ச்சிக் குடிப்பார்கள் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். இந்த மனிதர் என் வீட்டில் ஒரு சொம்புத் தண்ணீர்கூடத் தானாக மொண்டு குடித்ததில்லை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை என்பார்கள். அலைந்ததுகூடப் பரவாயில்லை, அந்த வெண்ணெய் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லையே! எனக்கு அழுகை வந்தது. கோபம் முற்றினால் எனக்கு அழுகைதான் வரும். வந்தவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

திங்கட்கிழமை காலை குக்கரில் சாதம் மட்டும் வைத்தேன். கானாங்கத்தையைக் கழுவி வைத்தேன். ஆறேகாலுக்கு அவரை எழுப்பி, வெங்காயத்தையும் கத்தியையும் பலகையையும் அவர் முன்னால் வைத்துவிட்டு, உள்ளே போய்ப் புடவை மாற்றித் தலை வாரிக்கொண்டு வந்தேன். வெங்காயம் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. மனிதர் சம்மணம் போட்டு உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் இருவரும் சுவரோரம் நின்று எங்களைப் பார்த்தார்கள். கடிகாரத்தில் ஆறு முப்பத்தெட்டு.

"இன்னாங்க, குந்திகினு இருக்கீங்க?"

"இன்னாமே புச்சா? அது வேற, இது வேற."

"இன்னா வேற? அதே மீனு, அதே வெங்காயம்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத் தெரியாத ஒன்றைப் பொறுமையாக விளக்குகிற மாதிரிதான் சொன்னார்: "கடல்ல பொம்பளைங்க கெடையாதுமே. அதனால நாங்க ஆக்குறோம்."

பையைத் தோளில் மாட்டினேன். வாசலில் நின்று செருப்பைப் போட்டுக்கொண்டேன்.

"ஆறே முக்காலுக்கு மேல இந்த வூட்லயும் பொம்பள கெடையாது" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.