ஒன்றை அணைத்துப் பார்த்தவர்

செய்தி காலையில் ஆஸ்பத்திரி வாட்ஸ்அப் குழுவில் வந்தது. வசந்தா சிஸ்டர் மணலூர்பேட்டையில் தன் வீட்டில் மாரடைப்பால் இறந்துவிட்டார். மறுநாள் மாலை கேன்டீனில் இரங்கல் கூட்டம் நடந்தது. பேசிய எல்லாரும் அவருடைய பக்தியைச் சொன்னார்கள். "யுபிஎஸ்ஸுக்குக்கூட பொட்டு வெச்சு கும்புட்டவங்க" என்றார் மேனேஜர். என்னையும் பேசச் சொன்னார்கள், தலையசைத்து மறுத்தேன். அந்தப் பூஜைக்கும் பக்திக்கும் சம்பந்தமில்லை என்பதை அன்று நான் சொல்லவில்லை. இப்போது மேனேஜரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "எழுதும்மா, என் ஏசியையும் சேத்தே எழுது" என்றார்.

கள்ளக்குறிச்சியில் எங்கள் ஆஸ்பத்திரியின் பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சை வார்டுக்கு சிஸ்டர்தான் இன்சார்ஜ். கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினியர் நான். வேலைக்குச் சேர்ந்த அன்று என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இன்னா இன்ஜினியரே, மிஷினு நின்னுப்போனா ஓடியாருவியா, போன் பண்ணிக்கினு இருப்பியா?" என்றார். ஓடி வருவேன் என்றேன். "அப்போ அந்த செருப்ப மாத்து" என்றார்.

கரண்டு போனாலும் பேட்டரியிலிருந்து விடாமல் மின்சாரம் கொடுக்கும் யுபிஎஸ் அந்த வார்டுக்கு இரண்டு உண்டு. இரண்டும் இணையாக ஓடி, வென்டிலேட்டர், குழந்தைகளுக்குச் சூடு கொடுக்கும் வார்மர், மானிட்டர் எல்லாவற்றின் சுமையையும் சரிபாதியாகத் தாங்குகின்றன. ஒன்று பழுதானால் மற்றது முழுச்சுமையையும் இமைக்கும் நேரம்கூட விடாமல் ஏற்றுக்கொள்ள வேண்டும். அதற்காக, மொத்தச் சுமை எப்போதும் ஒரே இயந்திரம் தாங்கும் அளவுக்குள் இருக்க வேண்டும். அதாவது, ஒவ்வொன்றிலும் பாதி காலியாகவே கிடக்க வேண்டும். அந்தக் காலியிடம்தான் பாதுகாப்பு. ஆனால் காலியாகக் கிடப்பது எதுவாயிருந்தாலும் நம் கை அரிக்கும்.

ஒரு கோடையில் இரண்டிலும் சுமை பாதியைத் தாண்டியிருப்பதைத் திரையில் பார்த்தேன். யாரோ புதிதாக எதையோ இணைத்திருந்தார்கள். இனி ஒன்று நின்றால், மற்றது தாங்க முடியாமல், சுமையை நேரே வெளி மின்சாரத்துக்குத் தள்ளிவிட்டு விலகிக்கொள்ளும்; அப்போது மின்சாரமும் இல்லையென்றால் வென்டிலேட்டர்கள் தம் சின்ன பேட்டரியை நம்பி ஓட வேண்டும், வார்மர்களுக்கு அதுவும் கிடையாது. மேனேஜரிடம் சொன்னேன். "பாதிக்கு மேல கொஞ்சம்தானே காட்டுது? மீதி சும்மாதானே கெடக்குது?" என்றார். ஒன்றை அணைத்துக் காட்டுகிறேன் என்று கேட்டேன். "நல்லா ஓடிக்கினு இருக்கறத எதுக்கும்மா நோண்டற?" என்று முடித்துவிட்டார். டாக்டர்களும் ஒப்பவில்லை.

சிஸ்டரிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "ரெண்டு பேரு மூட்ட தூக்கிக்கினு போனா ரெண்டு பேருக்குமே கனம் தெரியாது. ஒருத்தன் கைய வுட்டாத்தான் மத்தவன் வண்டவாளம் தெரியும். அவ்ளோதானே?" அவ்வளவுதான் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆயுத பூஜை வரட்டும்" என்றார்.

பூஜை வந்தது. சிஸ்டர் மேனேஜரிடம் போய், "சார், பூஜையில வெச்ச ஆயுதம் அன்னிக்கி வேலை செய்யக்கூடாது. ரெண்டு யுபிஎஸ்ஸையும் நிறுத்த முடியாது. ஒண்ணு மாத்தி ஒண்ணாவது ரெஸ்ட் குடுக்கலாமே" என்றிருக்கிறார். மேனேஜருக்குத் தெய்வ காரியத்தில் குறை இருக்கக்கூடாது. உடனே சம்மதித்தார். மேனேஜரே சம்மதித்த பிறகு, சிஸ்டர் ஒரு டாக்டரையும் வார்டில் கூடவே நிற்க ஒப்புக்கொள்ள வைத்தார். பகலில், மின்சாரம் இருக்கும் நேரத்தில், ஜெனரேட்டரையும் தயாராக வைத்துக்கொண்டோம். வென்டிலேட்டரில் இருந்த ஒவ்வொரு குழந்தையின் பக்கத்திலும் ஒரு நர்ஸை, கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் ஆம்பு பையோடு நிறுத்தினார் சிஸ்டர். வார்டிலிருந்தே போனில், "இப்போ நிறுத்து" என்றார்.

கீழே, பூஜை நடந்த யுபிஎஸ் அறையில் முதல் யுபிஎஸ்ஸை அணைத்தேன். மேனேஜர் கற்பூரத் தட்டைத் தூக்கிய அதே நேரம் இரண்டாவது யுபிஎஸ் அலறத் தொடங்கியது. சுமை மிஞ்சிவிட்டது. சுவரோடு போன புது ஒயரை, கூட இருந்த ஆஸ்பத்திரி எலெக்ட்ரீஷியன் காட்டினார். அது மேனேஜர் அறைக்குப் போனது. கரண்டு போனாலும் புழுங்காமல் இருக்கக் கோடையில் அவர் தன் ஏசியை இதில் இணைக்கச் சொல்லியிருந்தார். ஓடிப்போய் ஏசியை அணைத்ததும் அலறல் நின்றது. வார்டில் ஒரு குழந்தைக்கும் எதுவும் ஆகவில்லை. அதற்குள் சிஸ்டர் கீழே இறங்கி வந்து, "சாமியே கேக்குது சார், யாரு ரூம்பு ஏசி இதுன்னு" என்றார். மேனேஜர் தட்டை யாரிடமோ கொடுத்துவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டார். அன்றே அந்த ஒயர் கழற்றப்பட்டது.

பிறகு கேன்டீனில் கேட்டேன்: "உங்களுக்கு இவ்வளவு பக்தியா, சிஸ்டர்?"

"எனக்கு கம்மிதான். அவருக்குத்தான் ஜாஸ்தி. நீ கணக்கு சொன்ன, அவருக்கு ஏறல. யாருக்கு எது ஏறுமோ அத்த சொல்லணும்."

அதன் பிறகு ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் இரண்டு இயந்திரங்களையும் முறைவைத்து அணைத்தோம். காலியாகக் கிடந்த பாதியை யாருக்கும் கொடுக்கவில்லை. கேட்டு வந்தால் சிஸ்டர், "சாமி எடம், கை வெக்காதே" என்பார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு பழக்கம்தான். நன்றாக ஓடுகிறது என்று யாராவது சொன்னால், எதை அணைத்துப் பார்த்துச் சொல்கிறீர்கள் என்று கேட்கிறேன். இந்தக் கேள்வியால் எனக்கு நண்பர்கள் கூடவில்லை.

இரங்கல் கூட்டம் முடிந்த அடுத்த வாரம், ஒரு பிற்பகலில் ஊரில் மின்சாரம் போய், ஜெனரேட்டர் ஓடத் தொடங்குமுன் முதல் யுபிஎஸ் பழுதாகி நின்றது. கருகிய வாடை வந்துதான் எனக்கே தெரிந்தது. வார்டுக்கு ஓடினேன். அங்கே எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. எதற்கு இப்படி மூச்சிரைக்கிறது என்று நர்ஸ்கள் என்னைக் கேட்டார்கள். வென்டிலேட்டரில் அப்போது வெள்ளிமலையிலிருந்து வந்த ஒரு பெண்குழந்தை இருந்தது. நேற்று அவள் தன் அம்மாவோடு ஊருக்குப் போனாள்.