குண்டுக்கு வேகமானி வாங்கிய கதை

போன சனிக்கிழமை காலை எதிர்வீட்டுக்காரர் எங்கள் மொட்டை மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"என்ன சார், டப்பு டப்புன்னு சத்தம்? கொரங்கு வந்துருச்சா?"

"இல்லைங்க, ஆராய்ச்சி" என்றேன்.

பொய்யில்லை. பிறகு சொன்னதுதான் பொய். அதற்கு வருகிறேன்.

என் மனைவி மங்கை கணக்கு டீச்சர் என்பது உங்களுக்குத் தெரியும். அவள் ஏர் ரைஃபிளும் சுடுவாள் என்பதை இதுவரை எழுதியதில்லை. காரணம் எளிது. எழுதினால் என் வீட்டு வாழ்க்கையைப் பற்றி நீங்கள் ஒரு முடிவுக்கு வந்துவிடுவீர்கள்.

கல்லூரியில் என்.சி.சி.யில் தொட்ட துப்பாக்கியை நாற்பத்தாறு வயதில் மறுபடி எடுத்தாள். வாரத்தில் இரண்டு நாள் புதுக்கோட்டைக்கு வெளியே இருக்கும் ரைஃபிள் கிளப். அந்த ஒரு மணி நேரம் ஹெட்மாஸ்டர் கூப்பிட்டாலும் போனை எடுக்க மாட்டாள். நான் கூப்பிட்டால் கேட்கவே வேண்டாம். திரும்பி வரும்போது முகத்தில் ஒரு தெளிவு இருக்கும் பாருங்கள்... பத்து மீட்டர் தூரத்தில் ஒரு கரும்புள்ளியைத் தவிர உலகத்தில் வேறெதுவும் இல்லாமல் ஒரு மணி நேரம் இருந்தவளின் தெளிவு. எனக்கு அப்படி எதுவும் வாய்த்ததில்லை. தூக்கத்தில்கூட எனக்கு நாலு யோசனை ஓடும்.

இந்த வருடம் மாநிலப் போட்டியில் மூத்தோர் பிரிவுக்குப் பெயர் கொடுத்திருந்தாள். அங்கேதான் சிக்கல். இரண்டு மாதமாக அவள் சுடுகிற குண்டெல்லாம் நடுப்புள்ளிக்குக் கீழே இறங்க ஆரம்பித்தது. பத்து வாங்கிய இடத்தில் ஒன்பது. ஒன்பது வாங்கிய இடத்தில் எட்டு.

"ஒண்ணு துப்பாக்கியில கோளாறு, இல்ல எங்கிட்ட கோளாறு" என்றாள். "குண்டு ஒரே வேகத்துல போகுதான்னு அளந்து பாத்துருவோம். வேகம் ஏறி எறங்குச்சுன்னா துப்பாக்கிதான். ரிப்பேர் பண்ணிக்கலாம். வேகம் சரியா இருந்துச்சுன்னா..."

"இருந்துச்சுன்னா?"

"நாந்தான். வயசாயிருச்சுன்னு ஒத்துக்கிட்டு ரைஃபிள வித்துட்டு டியூஷன் எடுக்கப் போறேன்."

மங்கை சொன்னால் செய்வாள். ஆகவே, குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் என்கிற கருவியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோது என் பிரார்த்தனை விசித்திரமாக இருந்தது. கடவுளே, துப்பாக்கி கெட்டுப்போயிருக்க வேண்டும்!

மூன்று இரவு நெட்டில் படித்தேன். இந்தக் கருவியைப் பற்றி எழுதுகிறவர்களில் பாதிப்பேர் வெளிநாட்டுக்காரர்கள். தோட்டாவுக்குள் வெடிமருந்தைத் தாங்களே அளந்து கையால் நிரப்பி, சரியாக நிரப்பியிருக்கிறோமா என்று வேகத்தை அளந்து பார்க்கிறவர்கள். நம் ஊரில் கையால் நிரப்புவதென்றால் கொழுக்கட்டைக்குப் பூரணம்தான். மற்றதை நிரப்பினால் ஸ்டேஷனில் வைத்து நம்மை அளப்பார்கள்.

படித்ததில் புரிந்தது இதுதான். கருவி மூன்று வகை. ஒன்று ரேடார். பக்கத்தில் வைத்தால் போதும், குண்டைத் துரத்திப் பிடித்து வேகம் சொல்லும். விலையைப் பார்த்ததும் பக்கத்தை மூடிவிட்டேன். இரண்டாவது, குழலின் முனையில் மாட்டுவது. "போட்டித் துப்பாக்கி மூக்குல எதையும் மாட்ட விடமாட்டேன்" என்று மங்கை தடுத்துவிட்டாள். மூன்றாவது கண் வைத்தது. செங்கல் நீளத்தில் ஒரு பெட்டி. மேலே வானத்தைப் பார்த்தபடி இரண்டு குழி, ஒவ்வொரு குழிக்குள்ளும் வெளிச்சத்தை உணரும் ஒரு கண். குண்டு அதன் மேலே பறக்கும்போது முதல் கண்ணில் ஒரு நிழல், இரண்டாவது கண்ணில் ஒரு நிழல். இடையில் எவ்வளவு நேரம் ஆனது என்று கணக்குப் போட்டு வேகத்தைச் சொல்லிவிடும். டியூப்லைட் வெளிச்சத்தில் குழம்பும், நல்ல பகல் வெளிச்சம் வேண்டும் என்றார்கள். வெயிலுக்கா நம் மாவட்டத்தில் பஞ்சம்? அதையே ஆர்டர் செய்தேன்.

வெள்ளிக்கிழமை பார்சல் வந்தது. மங்கை ஸ்கூலுக்குக் கிளம்பிக்கொண்டே சொன்னாள்.

"ஏங்க, புதுசுக்கு ஒரு பொட்டு வச்சுருங்க."

எங்கள் வீட்டில் பொட்டு வைக்காமல் எந்தக் கருவியும் ஓடியதில்லை. ஃபிரிட்ஜ், மிக்ஸி, இன்வெர்ட்டர், கேஸ் அடுப்பு... நானும் சந்தனத்தைக் குழைத்தேன். எங்கே வைப்பது? வட்டமாக, வாகாக இரண்டு இடம் இருந்தது. விரலை விட்டு அழுத்தி ஒன்றில் வைத்து, மேலே குங்குமமும் இட்டேன். அடுத்ததற்கு விரல் நீள்வதற்குள் குக்கர் விசில் அடித்தது. போய்விட்டேன்.

மூன்று இரவு படித்தவன் நான். கவனியுங்கள்.

சனிக்கிழமை காலை மாடியில் அரிசிப் பை மேல் ரைஃபிளைச் சாய்த்து, குண்டைத் தாங்கப் பின்சுவர் ஓரம் இரும்புப் பெட்டி வைத்து, நடுவில் கருவியை நிறுத்தினோம். மங்கை சுட, நான் பக்கத்தில் நின்று செகண்டுக்கு எத்தனை மீட்டர் என்று எண் படிக்க வேண்டும்.

"நூத்தி அறுபத்து நாலு."

அடுத்தது நூற்று எண்பத்தொன்று. அதற்கடுத்து எர்ரர். பிறகு நூற்று ஐம்பத்தெட்டு.

மங்கை ரைஃபிளைக் கீழே வைத்துவிட்டுத் துள்ளி எழுந்தாள். "பாத்தீங்களா! பாத்தீங்களா! துப்பாக்கிதாங்க! நா இல்ல!"

அப்படி ஒரு சிரிப்பை அவள் முகத்தில் பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது. அதே நேரத்தில் நான் இன்னொன்றையும் பார்த்துவிட்டேன். குழிக்குள் ஒரு கண் காய்ந்த சந்தனத்துக்குப் பின்னாலிருந்து பாவமாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சொல்ல வேண்டியதுதானே? வாய் வரை வந்தது. சொன்னால் துடைப்பாள். துடைத்தால் அளப்பாள். அளந்தால்... டியூஷன். கருவியின் மேல் துண்டைப் போட்டு மூடினேன்.

"எனக்கு அப்பவே தெரியும், துப்பாக்கிதான்" என்றேன். முதலில் குறிப்பிட்ட பொய் இதுதான்.

பொய்யில் ஒரு சௌகரியம் உண்டு, அது யாருக்கும் கெடுதல் செய்யாமல் ஓரமாக உட்கார்ந்திருக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. நானும் பதினைந்து நிமிடம் அப்படித்தான் நினைத்தேன். பதினாறாவது நிமிடம் மங்கை போனை எடுத்தாள்.

"சவரிமுத்து அண்ணே, நீங்க ஓ-ரிங் மாத்துனதுலேருந்துதான் இப்புடி ஆகுது. காத்து ஒரே மாதிரி வரல. மெஷின் வச்சே பாத்துட்டோம்."

சவரிமுத்து ஆவூர்க்காரர். குவைத்தில் பல வருடம் கம்ப்ரசர்களோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து கீரனூரில் பட்டறை வைத்திருக்கிறார். மங்கையின் ரைஃபிளுக்குக் காற்று அடைத்துக் கொடுப்பதும், தேய்ந்த ரப்பர் வளையத்தை மாற்றுவதும் அவர்தான். போனில் அவர் எதிர்த்துப் பேசவில்லை. "நேர்ல வாரேன் டீச்சர்" என்று மட்டும் சொன்னாராம்.

ஒரு மணி நேரத்தில் வந்தார். காப்பியை வேண்டாம் என்றார். மாடிக்கு வந்து ரைஃபிளை மடியில் வைத்துக்கொண்டு ஸ்குரூ டிரைவரை எடுத்தார்.

"டீச்சர், எங் கையிலேருந்து போன வேல திரும்பி வந்ததில்ல. ஆனா மெஷின் பொய் சொல்லாதுல்ல? இப்பல்லாம் கை லேசா நடுங்குது. வீட்டுல சொல்லல. ஒருவேள வளையம் சாஞ்சு உக்காந்துருச்சோ என்னமோ..."

ஸ்குரூ டிரைவர் திருகின் தலையில் உட்காராமல் இரண்டு முறை வழுக்கியது. அவர் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை.

"சவரிமுத்துண்ணே, திருகாதீங்க. ஒங்க கையில ஒண்ணுமில்ல. எங் கையிலதான்."

துண்டை எடுத்துக் குழியைக் காட்டினேன். மூன்று தலைகள் அதன் மேல் குனிந்தன.

சவரிமுத்துதான் ஆரம்பித்தார். "சார், எங்க பக்கமும் புது வண்டிக்கு ஃபாதர் தீர்த்தம் தெளிப்பாரு. ஆனா வைப்பரப் போட்டுட்டுத்தான் சார் வண்டிய எடுப்போம்."

மங்கை சிரிக்கவில்லை. "எப்பப் பாத்தீங்க?"

"நாலாவது குண்டுலயே."

"ஏன் சொல்லல?"

"ரைஃபிள வித்துருவேன்னு சொன்னியே."

அவள் கீழே போய் இயர் பட்ஸ் எடுத்து வந்து, கருவியின் கண்ணைப் பிள்ளைக்குக் கண்மை துடைப்பதுபோலத் துடைத்தாள். பிறகு ஏழு குண்டு. நூற்று எழுபத்திரண்டு, எழுபத்தொன்று, எழுபத்திரண்டு, எழுபத்திரண்டு... ஒரு புள்ளிக்கு மேல் அசையவில்லை. சவரிமுத்து கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். முகத்தில் குவைத்திலிருந்து திரும்பி வந்த அன்றைய வெளிச்சம்.

மங்கை தண்ணீர்த் தொட்டிப் படியில் உட்கார்ந்தாள். நான் டியூஷனுக்கு எந்த அறையை ஒழிக்கலாம் என்று மனதுக்குள் யோசிக்க ஆரம்பித்தேன்.

"சவரிமுத்தண்ணே, மன்னிச்சுக்கங்க. அவசரப்பட்டு ஒங்களச் சொல்லிட்டேன்" என்றாள் முதலில். பிறகு என் பக்கம் திரும்பினாள். "கேள்வித்தாள் தப்பா இருந்தாத்தாங்க நம்ம கையில ஒண்ணுமில்ல. விடை தப்புன்னா அது நம்ம தப்பு, திருத்திக்கலாம். இத்தன வருஷம் புள்ளைகளுக்குச் சொல்லிட்டு இருக்கேன், எனக்கு இன்னக்கித்தான் ஒறைக்கிது. கெளம்புங்க."

"எங்கிட்டு?"

"கண்ணு டாக்டர்ட்ட. குழல் முனையில குறி பாக்குற வளையம் எனக்கு ரெண்டு மாசமா மங்கலாத்தான் தெரியுது. நல்லாத் தெரியிற மாதிரியே நெனச்சுச் சுட்டுக்கிட்டு இருந்தேன்."

ஆக, கணவன் ஒரு கண்ணை மூடி வைத்தான், மனைவி இரண்டு கண்ணையும் ஏமாற்றிக்கொண்டிருந்தாள். நடுவில் மாட்டிக்கொண்டது கீரனூர்ப் பட்டறைக்காரர். ஒரு கருவி வாங்கும்போது அது சரியாகச் சொல்லுமா என்று ஆயிரம் விசாரிக்கிறோம். சரியாகச் சொன்னால் நாம் தாங்குவோமா என்று யாராவது விசாரிக்கிறோமா?

டாக்டர் அட்டையைக் காட்டி எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். கடைசி வரிக்கு வந்ததும் மங்கை கண்ணைச் சுருக்காமல், ஊகித்துச் சொல்லாமல், "தெரியல சார்" என்றாள். சத்தமாக. கிளாஸில் சொல்கிற குரலில். டாக்டர் தலையாட்டிவிட்டுச் சீட்டு எழுதினார். போட்டிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது, கண்ணாடி நான்கு நாளில் வந்துவிடும்.

"சார், வந்ததுதான் வந்தீங்க, நீங்களும் ஒரு டெஸ்ட் பண்ணிக்கிறீங்களா?" என்று என்னைக் கேட்டார் டாக்டர்.

"எனக்கெதுக்கு சார், எல்லாம் பளிச்சுன்னு தெரியுது" என்று சொல்லிவிட்டுக் கதவை மூன்று முறை பலமாக இழுத்தேன்.

'தள்ளவும்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்ததாம். மங்கை சொன்னாள்.