சளி கட்டி

நேற்று என் நுரையீரல் ‘டிங்’ என்று போனில் வந்து விழுந்தது. ஸ்கேன் சென்டர்காரர்கள் இப்போதெல்லாம் ரிப்போர்ட்டை வாட்ஸப்பில்தான் தள்ளிவிடுகிறார்கள். மேலே யாரோ அனுப்பிய காலை வணக்க ரோஜா; கீழே, வலது நுரையீரலின் மேல்பகுதியில் எட்டு மில்லிமீட்டர் நாட்யூல், அதாவது ஒரு சின்னக் கட்டி. கூகுளில் தேடக் கூடாது என்று சத்தியம் செய்துவிட்டுத் தேடினேன். ஐந்தே நிமிடத்தில் என் போட்டோவுக்கு மாலை வாங்குகிற இடத்துக்குப் போய்விட்டேன்.

இது எனக்கு இரண்டாவது சாவு, தெரியுமா? முதல் சாவு இருபத்திரண்டு வயதில். இண்டூர் பக்கம் கிரானைட் பட்டறையில் பாலீஷ் வேலை. பக்கத்து மெஷினில் நண்பன் மாது. தின்கிற சோற்றிலும் கல்மாவு நறநறக்கும். முதலாளிக்கு மட்டும் கண்ணாடி ரூம். இரண்டு பேரும் ஒரே மாதிரி இருமி, ஒரே நாளில் எக்ஸ்ரே எடுத்தோம். மருந்து நெடி போகாத என் படத்தை டாக்டர் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, “சளி கட்டியிருக்குப்பா” என்றார். சளி என் காதில் விழவே இல்லை. கட்டி இருக்கு!

சாகப் போகிறவனுக்கு என்ன பயம்? நேராகக் கண்ணாடிக் கதவைத் தள்ளினேன். “நீ உள்ள குந்திக்கினு இருப்ப, நாங்க மாவு திங்கறமாடா? நல்லா இருப்பியாடா நீ?”

அன்றே வேலை போயிற்று. ஐந்து நாள் டானிக்கில் சளியும் போயிற்று. மாது விழுந்து விழுந்து சிரித்தான். “சளிக்கா அந்தப் பேச்சு பேசுன? த்தூ!”

அவன் படத்தில் இரண்டு பக்கமும் பொடிப்பொடியாகப் புள்ளிகள். டிபி என்றார் டாக்டர். என்ன வேலை செய்கிறாய் என்று கேட்கவே இல்லை. மாது மாத்திரையையும் விழுங்கினான், மாவையும் விழுங்கினான். நாற்பது தொடுவதற்குள் போய்விட்டான். மாலையோடு வந்த முதலாளி, “பீடி குடிப்பானாட்டம் இருக்குது” என்றார். மாது பீடியைத் தொட்டதே இல்லை.

இன்று காலை, ஜன்னலே இல்லாத ஏசி ரூமில் புது டாக்டர் சொன்னார்: “பழைய எக்ஸ்ரே இருந்தா கொண்டாங்க. இந்தப் புள்ளி அப்பவே இருந்திருந்தா பயப்பட வேண்டாங்க. இல்லீன்னா ஊசி போட்டுச் சதை எடுத்துப் பாக்கணும்.”

பரணையே கவிழ்த்துத் தேடினேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது. ஒரு சூரிய கிரகணத்தன்று எங்கள் தெருவே என் நெஞ்சு வழியாகத்தான் சூரியனைப் பார்த்தது. மாதுதான் படத்தைக் கத்தரித்து ஆளுக்கொரு துண்டு கொடுத்தான். வலப்பக்க மேல்துண்டை அவனே வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தான்.

“உன்னுதுல ஒன்னுமே இல்லடா. சுத்தமா இருக்குது.”

பட்டறை இன்று கல்யாண மண்டபம். வாசல் நெற்றியில் முதலாளி பேர். அந்தத் துண்டும் இல்லை, பார்த்துச் சொன்னவனும் இல்லை. செவ்வாய்க்கிழமை ஊசி.